தாலாட்டில் தங்கிய வரலாறு
ஸ்காட்லாந்தின் பழம் பாட்டுகளும் கெல்டிய மரபும்

பிரியாவிடைக் கூட்டங்களில் கைகோத்து நின்று பாடும் 'ஆல்டு லாங் சைன்' என்னும் பாட்டை நம் நாட்டில் ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்றோர் பலர் அறிவர். அதனை ஆங்கிலப் பாட்டு என்று கருதுவோர் உளர். ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான கெல்டியரின் பாட்டு என்று கருதுவோரும் உளர். இரண்டும் பொருந்தா. அப்பாட்டு ஸ்காட்ஸ் என்னும் மொழியில் அமைந்தது. இராபர்ட் பர்ன்ஸ் (1759-1796) என்னும் கவிஞர், முதியவர் ஒருவர் பாடக் கேட்டு எழுதியதாகச் சொல்லி, அதனை 1788-ல் பாட்டுத் தொகுப்பாளர் ஒருவருக்கு அனுப்பினார். 1796-ல் அது அச்சேறியது. ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்தின் உடன்பிறப்பு; செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கெல்டிய மொழி அதனின் வேறு. அம்மொழியின் பெயர் கேலிக்.

முன்னோர் ஸ்காட்லாந்தைவிட்டுக் கடல் கடந்து போய், கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினர். அவர்கள் வழிவந்தோருள் பலர் இன்று தம் கெல்டிய மரபைப் பழம் பாட்டுகளின் வாயிலாகத் தேடுகின்றனர். பாட்டு அவர்களுக்கு எதனைக் காட்டும்? எதனைக் காட்டாது? பாட்டைக் காத்தவர் யார்? அழிக்க முயன்றவர் யார்? இவற்றை ஆராய்வது ஆசிரியராகிய நமக்குப் பெரிதும் பயன்படும். ஏனெனில் இவ்வரலாற்றில் பள்ளிக்கூடத்திற்கு ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

கெல்டியர் என்னும் பெயர்

கிரேக்கரும் உரோமரும் ஐரோப்பியப் பெருநிலத்தில் வாழ்ந்த சில மக்களையே கெல்டியர் என்று அழைத்தனர். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொண்டதில்லை. 'கேல்' என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 1582-ல் ஜார்ஜ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், பண்டைய ஐரோப்பிய மொழிகளுக்கும் தம் தீவின் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டினார். பின்னர், ஆக்ஸ்போர்டில் அருங்காட்சியகக் காப்பாளராய் இருந்த எட்வர்ட் லூயிட் என்னும் வேல்சுக்காரர், 1707-ல் வெளியிட்ட நூலில் அவ்வுறவைச் சொல்லாலும் இலக்கணத்தாலும் நிறுவினார். ஐரிஷ், ஸ்காட்லாந்துக் கேலிக், மாங்ஸ் என்பன ஒரு கிளை. வேல்ஷ், கார்னிஷ், பிரெத்தன் என்பன மற்றொரு கிளை. இவ்வாறும் ஒரு குடும்பம் என்பது இன்று மொழிநூலார் அனைவர்க்கும் ஒப்ப முடிந்த கருத்து.

ஆகவே, 'கெல்டியர்' என்பது மொழி ஒப்புமையால் எழுந்த பெயர். 'திராவிடர்' என்னும் பெயர் ஒரு மொழிக் குடும்பத்திற்கு எவ்வாறு வழங்கலாயிற்று என்பதை அறிந்த தமிழாசிரியர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-ல் அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். நம் தோட்டங்களை நடத்திய துரைமாருள் ஸ்காட்லாந்துக்காரர் பலர் இருந்தனர். அலெக்சாந்தர் கத்ரி என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1821-ல் சிங்கப்பூரில் வாணிகம் தொடங்கினார். நிபோங் திபாலில் உள்ள கலிடோனியாத் தோட்டத்தின் பெயரே, உரோமர் ஸ்காட்லாந்துக்கு இட்ட பழம் பெயர்தான். 'மாக்' என்று தொடங்கும் துரைமார் பெயர்கள் நமக்குப் புதியன அல்ல. கேலிக் மொழியில் 'மாக்' என்றால் மகன். உடனே 'மகன்' என்னும் நம் சொல்லோடு அதனைச் சேர்த்து உறவு பேச நாக்கு துடிக்கும். ஓரிரு சொற்கள் ஒலியால் ஒத்திருத்தல் உறவுக்குச் சான்றாகாது. இலக்கண அமைப்பும், ஒழுங்கான ஒலி மாற்றமும் ஒத்துவருதல் வேண்டும். லூயிட்டும் கால்டுவெல்லும் நடந்த வழி அதுவே.

மெட்டு மட்டும் போதுமா?

கேலிக் பாட்டுகள் பல ஐந்து சுரங்களால் அமைந்தவை. நம் மோகனம் போன்ற ஔடவ அமைப்பு அது. அம்மெட்டைக் கேட்டதும், "இது கெல்டியரின் தொன்மையான குரல்" என்று மனம் உருகுவோர் உண்டு. ஆனால் ஐந்து சுர அமைப்பு சீனர் இசையிலும் உண்டு. உலகில் வேறு பல மக்களிடத்தும் உண்டு. மேலே சொன்ன பர்ன்ஸின் பாட்டுக்கு இன்று வழங்கும் மெட்டும் ஐந்து சுரங்களால் ஆனதே. மெட்டு மொழி எல்லையை எளிதில் தாண்டிவிடும். ஒரே மெட்டுக்குக் கேலிக் சொற்களும் ஸ்காட்ஸ் சொற்களும் வாய்ப்பது உண்டு. ஆதலின், மெட்டை மட்டும் கொண்டு மரபை அறுதியிட முடியாது. மரபு சொல்லில் இருக்கிறது. சொல்லின் பொருளறிந்து பாடுவோர் வாயில் இருக்கிறது.

ஒரு தாலாட்டு

சொல் எத்துணை வரலாற்றைத் தாங்கும் என்பதற்குக் 'கிரிகல் கிரீ' என்னும் பாட்டு தக்க சான்று. 'அன்புக்குரிய கிரகர்' என்பது அதன் பொருள். மலைநாட்டில் அதனைக் குழந்தையைத் தூங்கவைக்கும் தாலாட்டாகவே பாடி வந்தனர். ஆனால் அதன் சொற்களைக் கேட்டால் அஃது ஓர் ஒப்பாரி என்பது தெரியும்.

கிளென்ஸ்திரே என்னும் ஊரின் தலைவர் கிரகர் மாக்கிரகர். அவர் மனைவி கிளென்லையன் காம்பெல் குலத்துப் பெண். மாக்கிரகர் குலத்திற்கும் காம்பெல் குலத்திற்கும் நிலப்பகை. 1570-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், கிளெனார்க்கித் தலைவர் காலின் காம்பெல், கிரகரைத் தம் கோட்டையில் தலைவெட்டிக் கொன்றார். கைக்குழந்தையோடு நின்ற இளம் மனைவி, குழந்தையைத் தாலாட்டிக்கொண்டே கணவனுக்கு அழுகிறாள். கணவனைக் கொன்ற தன் பிறந்த குலத்தாரையே சபிக்கிறாள். பாட்டின் பொருள் இதுவே.

இக்கொலையைப் பார்ட்டிங்கால் என்னும் ஊரில் எழுதப்பட்ட காலக்குறிப்பு நாளோடும் இடத்தோடும் பதிந்திருக்கிறது. ஏடு ஒரு வரியில் முடித்ததைத் தாய்மார் 400 ஆண்டுகளாக வாயினால் காத்தனர். இதில் கருதத்தக்க இன்னொன்றும் உண்டு. 1603-ல் மாக்கிரகர் என்னும் பெயரையே அரசு தடை செய்தது. அப்பெயரைத் தாங்குதல் குற்றமாயிற்று. இடையில் சில காலம் நீங்கி மீண்டும் வந்த அத்தடை, 1774-ல்தான் முற்றும் ஒழிந்தது. சட்டம் விலக்கிய பெயர் தொட்டிலருகே ஒலித்துக்கொண்டிருந்தது. தாலாட்டைத் தணிக்கை செய்ய எந்த அரசுக்கும் ஆள் இல்லை.

துணியடிக்கும் பெண்கள்

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளில், தறியிலிருந்து எடுத்த கம்பளித் துணி தளர்வாக இருக்கும். அதனைப் பழைய சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, ஈரத்தோடு அடித்து அடித்துச் சுருக்குவர். அப்போதுதான் துணி தடித்துக் காற்றும் மழையும் புகாத உறுதி பெறும். சில இடங்களில் கையால் அடித்தனர். சில இடங்களில் காலால் மிதித்தனர். 1772-ல் ஸ்கை தீவுக்குச் சென்ற தாமஸ் பென்னன்ட் என்னும் பயணி, இவ்வேலையைக் கண்டு தம் நூலில் படத்தோடு வெளியிட்டிருக்கிறார்.

கை ஒன்றுபோல் விழப் பாட்டு வேண்டும். ஒருத்தி ஓரடியைப் பாடுவாள். மற்றவர் சேர்ந்து பல்லவியைப் பாடுவர். பல்லவியிற் பெரும்பாலும் பொருளற்ற அசைச்சொற்களே வரும். நெல் குற்றும் பெண்களின் உலக்கைப்பாட்டை அறிந்த நமக்கு இதன் இயல்பு எளிதில் புலனாகும். ஆனால் அவ்வசைகள் வீண் அல்ல. ஒரு பாட்டை இன்னொரு பாட்டினின்று பிரித்தறிய அவையே அடையாளம். ஒரே துணியை அடிக்கும்போது ஒரு பாட்டை இருமுறை பாடுவது ஆகாது என்ற நம்பிக்கை இருந்தது. துணி முடியும்வரை புதிய புதிய பாட்டுகள் வேண்டும். இதனால் பெண்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நினைவில் வைத்திருக்க நேர்ந்தது. மூடநம்பிக்கை ஒன்று நூலகத்தின் வேலையைச் செய்தது என்று சொல்லலாம்.

அப்பாட்டுகளில் 16, 17-ஆம் நூற்றாண்டுச் செய்திகள் உள்ளன. குலத்தலைவர்களின் கப்பல்கள், கடலில் மாண்ட அண்ணன்மார், கைவிட்ட காதலர், பார்ரா தீவுப் பெண்ணும் தென் யூயிஸ்ட் தீவுப் பெண்ணும் தத்தம் குலத்தை உயர்த்திப் பாடும் வசைப்போர் ஆகியவை அவற்றில் வருகின்றன. இவற்றைப் புனைந்தோர் பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்களே. தென் யூயிஸ்ட்டில் டொனால்டு மாக்கார்மிக் என்பவர் 1893-ல் எழுதிவைத்த இத்தகைய பாட்டுகளின் தொகுப்பு, 1969-ல்தான் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வெளிவந்தது.

மாக்பர்சன் எழுப்பிய பூசல்

கேலிக் பாட்டை உலகம் அறியச் செய்தவர் ஜேம்ஸ் மாக்பர்சன் (1736-1796). இவரும் இளமையில் பள்ளியாசிரியராக இருந்தவர். 1760 முதல் 1763 வரை மூன்று நூல்களை வெளியிட்டு, அவை ஓசியன் என்னும் பண்டைப் புலவன் கேலிக் மொழியில் பாடியவற்றின் மொழிபெயர்ப்பு என்றார். ஐரோப்பா வியந்தது. செருமானியக் கவிஞர் கதே அவற்றில் ஈடுபட்டார். நெப்போலியனும் விரும்பிப் படித்தான். ஆனால் மூல ஏடுகளைக் காட்டுமாறு கேட்டபோது மாக்பர்சன் காட்டவில்லை.

டாக்டர் ஜான்சன் 1773-ல் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு நேரிற் சென்றார். 1775-ல் வெளியிட்ட நூலில் மாக்பர்சனின் கூற்றை முற்றும் மறுத்தார். அதோடு நில்லாமல், நூறாண்டுக்கு முற்பட்டவை என்று நிறுவத்தக்க கேலிக் வரிகள் 500 கூடக் கிடையா என்ற கருத்தையும் எழுதினார். இங்கேதான் அவர் தவறினார். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெர்த்ஷயரில் தொகுக்கப்பட்ட 'லிஸ்மோர் தலைமைக் குருவின் ஏடு' என்னும் கையெழுத்துத் தொகுதியில் பழங்கேலிக் கதைப்பாட்டுகள் உள்ளன. அஃது இன்று எடின்பரோ தேசிய நூலகத்தில் இருக்கிறது.

உண்மை இருவர்க்கும் நடுவில் இருந்தது. மலைநாட்டுச் சங்கம் அமைத்த குழு 1805-ல் வெளியிட்ட அறிக்கையும், டெரிக் தாம்சன் 1952-ல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அதனைத் தெளிவாக்கின. மாக்பர்சன் மக்களிடையே வழங்கிய பாட்டுகள் சிலவற்றைக் கேட்டறிந்தார். பிறகு வெட்டியும் ஒட்டியும் தாமே புனைந்தும் காலத்தின் சுவைக்கு ஏற்ப ஒரு காவியம் ஆக்கினார். உண்மைப் பாட்டுகளோ அவரைப் பற்றிக் கவலைப்படாமல் தீவுகளில் வாழ்ந்துகொண்டிருந்தன. ஃபியோன் என்னும் வீரனையும் அவன் தோழரையும் பற்றிய அக்கதைப்பாட்டுகளைத் தென் யூயிஸ்ட் மக்கள் பாட, 1960-களிலும் ஒலிப்பதிவு செய்திருக்கின்றனர்.

பள்ளிக்கூடம் செய்தது

1616-ல் ஸ்காட்லாந்தின் அரசவை ஊர்தோறும் பள்ளி அமைக்க ஆணையிட்டது. அவ்வாணையின் நோக்கங்களுள் ஒன்று ஆங்கிலத்தை நிலைநாட்டுதல். மற்றொன்று, நாகரிகமின்மைக்குக் காரணம் எனக் கருதிய கேலிக்கை ஒழித்தல். 1709-ல் தோன்றிய கிறித்தவக் கல்விச் சங்கம் ஒன்று மலைநாட்டில் பள்ளிகள் நடத்தியது. தொடக்கத்தில் அங்கே கேலிக் கற்பிப்பதற்கு இடமில்லை.

அச்சங்கத்தின் ஆசிரியர் ஒருவரின் வரலாறு நம் கருத்தைக் கவர்கிறது. அலெக்சாந்தர் மாக்டொனால்டு என்னும் அவர், சங்கத்தின் பொருட்டுக் கேலிக்-ஆங்கிலச் சொற்கோவை ஒன்றைத் தொகுத்தார். அது 1741-ல் வெளிவந்தது. மாணவர் ஆங்கிலம் கற்க உதவுவதே அதன் நோக்கம். ஆனால் 1745-ல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் படை திரட்டியபோது, பள்ளியை விட்டுவிட்டு அப்படையில் சேர்ந்தார். 1746 ஏப்ரல் 16-ல் கலோடன் போரில் அப்படை அழிந்தது. மலைநாட்டு உடையை அணிவதும் தடை செய்யப்பட்டது. 1782 வரை அத்தடை நீடித்தது. மாக்டொனால்டு அஞ்சவில்லை. 1751-ல் தம் கேலிக் கவிதைகளை நூலாக வெளியிட்டார். சமயம் சாராத கேலிக் கவிதை நூல்களுள் முதலில் அச்சேறியது அதுவே. 'ஸ்காட்லாந்தின் பழம்பெரு மொழியின் உயிர்த்தெழல்' என்பது அதன் பெயரின் பொருள். மொழியை மாற்ற அமர்த்தப்பட்ட ஆசிரியரே அம்மொழியின் பெருங்கவிஞர் ஆனார்.

1872-ல் கல்வி கட்டாயமாயிற்று. அச்சட்டத்தில் கேலிக் என்னும் சொல்லே இல்லை. தாய்மொழியிற் பேசிய சிறுவரின் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட்டுத் தண்டித்ததை முதியோர் பிற்காலத்தில் சொல்லக் கேட்டு எழுதிவைத்திருக்கின்றனர். 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சுமார் 2,54,000 பேர் கேலிக் பேசினர். 2011-ல் அத்தொகை சுமார் 57,000 ஆகக் குறைந்துவிட்டது.

பள்ளி மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நிலம் போயிற்று, நிலத்தோடு மக்களும் போயினர். 1807 முதல் 1821 வரை சதர்லாந்துப் பகுதியில், ஆட்டுப் பண்ணைகள் அமைப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றினர். அதில் முன்னின்ற பாட்ரிக் செல்லர் என்பவர் 1816-ல் வழக்கு மன்றத்தில் குற்றமற்றவர் என விடுதலை பெற்றார். ஆனால் கேலிக் வசைப்பாட்டு அவரை விடுதலை செய்யவில்லை. ஸ்கை தீவில் பிறந்த மேரி மாக்பர்சன் (1821-1898) என்னும் பெண் கவிஞர், குடியானவர்களின் நிலப்போராட்டத்தைப் பாட்டாகவே நடத்தினார். கேலிக்கைப் படிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர் அவர். அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய பாட்டுகள் 1891-ல் நூலாயின. 1886-ல் குடியானவர்க்கு நில உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அக்காலத்து மக்களின் மனத்தை அரசாங்க அறிக்கையிற் காண்பதைவிட அவர் பாட்டில் தெளிவாகக் காணலாம்.

தேடி வந்த பெண்

1909 முதல் மார்ஜரி கென்னடி-பிரேசர் அம்மையார் ஹெப்ரிடீஸ் பாட்டுகளைப் பியானோ இசையோடு அமைத்து வெளியிட்டார். நகர மேடைகளில் அவை பெரும்புகழ் பெற்றன. அவர் செய்தது தொண்டு என்பதில் ஐயமில்லை; ஆனால் துணியடிக்கும் பலகையிற் பிறந்த பாட்டுக்கு வரவேற்பறை உடை உடுத்திவிட்டார்.

மார்கரெட் பே ஷா (1903-2004) அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்திற் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பதினாறாம் வயதில் ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளியிற் பயின்றபோது, கென்னடி-பிரேசர் அம்மையாரின் இசை நிகழ்ச்சியைக் கேட்டார். கேட்டதில் மயங்கியதோடு நின்றுவிடவில்லை. இந்த ஒப்பனைக்கு அடியில் வேறொன்று இருக்கவேண்டும் என்று உணர்ந்தார். அதனைக் கேட்க விரும்பினார்.

1929-ல் தென் யூயிஸ்ட் தீவுக்குச் சென்று, கேலிக் பேசும் இரு சகோதரியர் வீட்டில் ஆறு ஆண்டுகள் தங்கினார். மின்விளக்கு இல்லாத சிறு வீடு அது. வயலிலும் வீட்டிலும் வேலை செய்தார், மொழியைக் கற்றார். பாடுவோர் பாடப் பாடச் சொல்லையும் சுரத்தையும் கையால் எழுதினார். கேட்டதைத் திருத்தவில்லை, அழகுபடுத்தவில்லை. அப்பாட்டுகளைப் பாடியோர் வாழ்க்கை, சமையல், மருத்துவம், பழமொழி ஆகியவற்றோடு சேர்த்து 1955-ல் பெருநூலாக வெளியிட்டார்.

1935-ல் அவர் மணந்துகொண்ட ஜான் லார்ன் காம்பெலும் இப்பணியில் ஈடுபட்ட அறிஞர். இருவரும் 1937-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றனர். 1773-ல் 'ஹெக்டர்' என்னும் கப்பலில் மலைநாட்டு மக்கள் ஏறத்தாழ 200 பேர் போய்ச் சேர்ந்த நாடு அது. பின்னர் பார்ராவிலிருந்தும் தென் யூயிஸ்ட்டிலிருந்தும் பலர் போயினர். மூன்று நான்கு தலைமுறை கடந்தும் அவர்கள் பேரர் துணியடிப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தனர். ஹெப்ரிடீஸில் கேட்ட பாட்டே அங்கும் கேட்டது. அப்பதிவுகளிலிருந்து எழுந்த நூல் 1990-ல் வெளிவந்தது. நிலத்தை இழந்தோர் மொழியை இழக்காதவரை பாட்டையும் இழக்கவில்லை. நகரங்களில் மொழியை விட்டவர்களின் பிள்ளைகளுக்கோ, குலப்பெயரும் கட்டம் போட்ட துணியும் மெட்டுமே எஞ்சின.

நாம் கொள்ளத்தக்கது

ஒருவர் தம் மரபைப் பாட்டின் வழியே காண விரும்பினால் அவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று மாக்பர்சன் வழி: கேட்டதைக் கொண்டு தான் விரும்பும் பழம்பெருமையைக் கட்டிக்கொள்வது. மற்றொன்று மார்கரெட் ஷா வழி: மொழியைக் கற்று, பாடுவோர் அருகே அமர்ந்து, உள்ளதை உள்ளவாறு ஏற்பது. முன்னது விரைவில் புகழ் தரும். பின்னது ஆறு ஆண்டு உழைப்பைக் கேட்கும். இரத்தம் மட்டும் ஒருவருக்கு மரபைத் தந்துவிடாது. பென்சில்வேனியாப் பெண்ணைக் கேலிக் மரபுக்கு உரியவர் ஆக்கியது அவருடைய கல்வியே.

அழித்த கையே இன்று ஆக்கவும் முற்பட்டிருக்கிறது. 1951-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளி தோன்றி, ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தது. 1981-ல் பார்ரா தீவில் சிறுவர்க்குப் பழம் பாட்டுகளைக் கற்பிக்கும் விழா தொடங்கியது. 1985-ல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் கேலிக் வழிக் கல்வி தொடங்கியது. 2005-ல் மொழிச் சட்டம் வந்தது. 2025-ல் நிறைவேறிய மற்றொரு சட்டம் கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் ஆட்சிமொழித் தகுதி தந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் கேலிக்கைப் பேசவோ படிக்கவோ எழுதவோ கேட்டறியவோ வல்லவர் தொகை சுமார் 1,30,000. ஆயினும் தீவுகளில் அது வீட்டுமொழியாக இருக்கும் நிலை தளர்ந்தே வருகிறது. பள்ளி தந்தது பெரிது. தொட்டிலருகே போனதைப் பள்ளியால் முற்றும் ஈடுசெய்ய முடியவில்லை.

நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். பால்மரக் காட்டிலும் தொட்டிலருகிலும் பிறந்த பாட்டுகளை அறிந்தோர் இன்று முதியோர். மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி தரும் ஆசிரியர், "உன் பாட்டி பாடும் ஒரு பாட்டை அவர் சொல்லியவாறே, ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி வா, எந்த வேலையின்போது பாடினார், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுது" என்று ஆண்டுக்கு ஒருமுறை சொன்னாற் போதும். கொச்சைச் சொல் வந்தால் சிவப்பு மையால் அடிக்க வேண்டா. அச்சொல்லில்தான் ஓர் ஊரின் வரலாறு தங்கியிருக்கக் கூடும்.